பூவா? தலையா?

கிரிக்கெட் ஆட்டம் தொடங்கப் போகிறது. இரண்டு அணித் தலைவர்களும் மைதானத்தின் நடுவில் நிற்கிறார்கள். ஒருவர் நாணயத்தை மேலே சுண்டுகிறார். மற்றவர் ‘தலை’ என்கிறார். நாணயம் கீழே விழுகிறது. எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள்.

யார் முதலில் ஆடுவது என்பதை நாணயத்தைக் கேட்டு முடிவு செய்வது ஏன்? நாணயத்துக்கு வேண்டியவர் என்று யாரும் இல்லை. வேண்டாதவர் என்றும் யாரும் இல்லை. பூ விழவும் தலை விழவும் சமமான வாய்ப்பு உண்டு. அதனால் இரு பக்கமும் அதை ஒப்புக்கொள்கிறார்கள்.

விளையாட்டில் மட்டுமல்ல, தேர்தலிலும் இப்படி நடப்பது உண்டு. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள். இமாச்சலப் பிரதேசத்தில் மாநிலங்களவைத் தேர்தல். இருந்தது ஒரே ஒரு இடம். போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். 68 சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஒருவருக்கு 34, மற்றவருக்கும் 34!

என்ன செய்வது? சீட்டுக் குலுக்கினார்கள். அந்தத் தேர்தலில் சீட்டில் யார் பெயர் வந்ததோ, அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. சட்டமன்றத் தேர்தலிலும் மக்களவைத் தேர்தலிலும் இதற்கு நேர்மாறு. அங்கே வாக்குகள் சமமாக இருந்தால், சீட்டில் பெயர் வந்தவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்வார்கள். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

பெயர் வந்தவர் வென்றாலும் சரி, தோற்றாலும் சரி. இரண்டு பேருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். இரண்டில் ஒன்று. அதாவது பாதி.

இந்த வாய்ப்பைக் கணக்குப் போட முடியுமா? முடியும். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். அவர்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு ‘நிகழ்தகவு’ என்று பெயர். பெயர்தான் பெரியது. கணக்கு எளிது. எண்ணத் தெரிந்தால் போதும்.

எப்படி எண்ணுவது?

இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: மொத்தம் எத்தனை விதமாக நடக்கலாம்?

இரண்டாவது கேள்வி: அவற்றில் எத்தனை நாம் எதிர்பார்ப்பது?

இரண்டாவது எண்ணை மேலே எழுதுங்கள். முதல் எண்ணைக் கீழே எழுதுங்கள். அவ்வளவுதான். அதுவே வாய்ப்பு.

நாணயத்தைப் பாருங்கள். சிங்கத் தலைகள் உள்ள பக்கம் தலை. மறுபக்கம் பூ. மொத்தம் இரண்டு விதம். தலை என்பது ஒன்று. ஆகவே தலை விழும் வாய்ப்பு 1/2.

இப்போது பரமபதம் விளையாடும் பகடையைப் பாருங்கள். அதற்கு ஆறு பக்கம். ஒன்று முதல் ஆறு வரை புள்ளிகள் இருக்கின்றன. தாயம் விழுந்தால்தான் காயை உள்ளே நகர்த்தலாம். தாயம் என்பது ஒன்று. அது ஒரே ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. மொத்தம் ஆறு பக்கம். ஆகவே தாயம் விழும் வாய்ப்பு 1/6. ஆறில் ஒன்று.

ஏணியில் ஏற உங்களுக்கு ஐந்தோ ஆறோ விழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பது இரண்டு பக்கம். மொத்தம் ஆறு. வாய்ப்பு 2/6. சுருக்கினால் 1/3.

இரட்டைப்படை எண் விழ வாய்ப்பு என்ன? இரண்டு, நான்கு, ஆறு என்று மூன்று பக்கம் இருக்கிறது. ஆகவே 3/6. அதாவது பாதி.

ஏழு விழுமா? பகடையில் ஏழு இல்லை. வாய்ப்பு 0. ஏழுக்குக் குறைவான எண் விழுமா? கட்டாயம் விழும். ஆறில் ஆறு. 6/6 என்றால் 1.

நடக்கவே நடக்காது என்றால் 0. நடந்தே தீரும் என்றால் 1. மற்ற எல்லா வாய்ப்பும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். வாய்ப்பு ஒன்றுக்கு மேல் வந்தால் கணக்கில் எங்கோ தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

பள்ளிச் சேர்க்கையில் குலுக்கல்

இந்தக் கணக்கு வீட்டுக்கு உதவும் இடம் ஒன்றைப் பாருங்கள்.

2009-ஆம் ஆண்டில் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கும் பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு பள்ளியில் இப்படி 10 இடம் இருக்கிறது. 40 பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்க வாய்ப்பு என்ன?

மொத்தம் 40 சீட்டு. எடுக்கப்போவது 10. வாய்ப்பு 10/40. அதாவது 1/4. கால் பங்கு.

கிடைக்காமல் போக வாய்ப்பு என்ன? 30/40. அதாவது 3/4. முக்கால் பங்கு.

காலையும் முக்காலையும் கூட்டுங்கள். ஒன்று வருகிறது. எப்போதும் இப்படித்தான். நடக்கும் வாய்ப்பையும் நடக்காத வாய்ப்பையும் கூட்டினால் ஒன்று வரும். ஒன்று தெரிந்தால் மற்றது தானாகவே தெரிந்துவிடும்.

கால் பங்கு வாய்ப்பு என்பது நல்ல வாய்ப்புதான். விண்ணப்பம் போடாமல் விட்டால் வாய்ப்பு பூச்சியம். ஆகவே விண்ணப்பம் போடுங்கள். ஆனால் முக்கால் பங்கு கிடைக்காமலும் போகலாம். அதனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அருகில் உள்ள அரசுப் பள்ளியிலும் விசாரித்து வையுங்கள். வாய்ப்பைக் கணக்குப் போடுவது இதற்காகத்தான். ஆசையும் படலாம், ஏற்பாடும் செய்யலாம்.

‘விழும், விழாது’ என்பது பாதி அல்ல

லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் ஒருவர் சொல்கிறார்: “பரிசு விழும், இல்லாவிட்டால் விழாது. இரண்டே இரண்டுதான். அப்படியென்றால் எனக்கு வாய்ப்பு பாதி.”

இது சரியா? சரியல்ல. எங்கே தவறு?

எண்ணும் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்ணுகிற ஒவ்வொன்றும் சமமாக நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாணயத்தின் இரண்டு பக்கமும் சமம். பகடையின் ஆறு பக்கமும் சமம். ஆனால் ‘விழும்’ என்பதும் ‘விழாது’ என்பதும் சமம் அல்ல. லாட்டரியில் சமமானவை சீட்டுகள்தான். ஆகவே சீட்டுகளைத்தான் எண்ண வேண்டும்.

ஒரு கோடி சீட்டு அச்சடித்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசு ஒன்று. ஒரு சீட்டு வாங்கியவருக்கு அது விழும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்று.

ஒரு கோடி என்பது எவ்வளவு? நெல்லைக் கொண்டு பாருங்கள். இரண்டு மூன்று மூட்டை நெல்லில் ஏறக்குறைய ஒரு கோடி நெல்மணி இருக்கும். அதில் ஒரே ஒரு மணிக்குச் சிவப்புச் சாயம் பூசி, உள்ளே போட்டுக் கலக்குங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணியை எடுங்கள். அது சிவப்பு மணியாக இருக்குமா? இருக்கலாம். ஆனால் அதை நம்பிக் கடன் வாங்குவீர்களா?

இன்னொரு விதமாகவும் பாருங்கள். நாளுக்கு ஒரு சீட்டு வாங்கினால், ஒரு கோடி சீட்டு வாங்கி முடிக்க 27 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

விற்ற பணம் முழுவதும் பரிசாகத் திரும்பி வருவதும் இல்லை. அச்சுச் செலவு, முகவருக்குத் தரகு, வரி, நடத்துபவருக்கு வருமானம் எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. ஆகவே வாங்குகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், போட்டதைவிடக் குறைவாகவே எடுக்கிறார்கள்.

கேரள அரசு 1967-ஆம் ஆண்டில் லாட்டரியைத் தொடங்கியது. வேறு சில மாநில அரசுகளும் நடத்துகின்றன. பல மாநிலங்களில் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் தடை வந்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு மாறாது. நாளுக்கு 40 ரூபாய்க்குச் சீட்டு வாங்கினால் ஆண்டுக்கு 14,600 ரூபாய். அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போட்டால், அது திரும்பி வரும் என்பதில் சந்தேகம் இல்லை.

“ஒரே ஒரு எண்ணில் தப்பிவிட்டது. அடுத்த முறை கட்டாயம் விழும்” என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு எண்ணில் தப்பினாலும் தப்பியது தப்பியதுதான். அடுத்த முறை மறுபடியும் ஒரு கோடியில் ஒன்றுதான்.

நாணயத்துக்கு நினைவு கிடையாது

நாணயத்தை நான்கு முறை சுண்டினீர்கள். நான்கு முறையும் தலையே விழுந்தது. ஐந்தாவது முறை சுண்டப் போகிறீர்கள். பூ விழ வாய்ப்பு என்ன?

“இத்தனை முறை தலை விழுந்துவிட்டதே. இனி பூதான் விழும்” என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. முன்பு என்ன விழுந்தது என்பது நாணயத்துக்குத் தெரியாது. அதற்கு நினைவு கிடையாது. ஐந்தாவது முறையும் இரண்டு பக்கம்தான். வாய்ப்பு 1/2 தான்.

அப்படியானால் ‘பாதி’ என்பதற்கு என்ன பொருள்? பலமுறை சுண்டினால் ஏறக்குறைய பாதி முறை தலை விழும் என்று பொருள்.

இதை ஒருவர் செய்தே பார்த்தார். அவர் பெயர் ஜான் கெரிச். கணித ஆசிரியர். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க் நாட்டில் சிறைப்பட்டிருந்தார். அங்கே அவர் 10,000 முறை நாணயத்தைச் சுண்டிக் குறித்து வைத்தார். 5,067 முறை தலை விழுந்தது. 4,933 முறை பூ விழுந்தது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

பத்தாயிரம் முறைக்கு என்ன நடக்கும் என்று ஓரளவு சொல்லலாம். அடுத்த ஒரு முறைக்கு என்ன விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். அடுத்து வரும் செய்திக்கு இது மிகவும் தேவை.

நான்காவது பிள்ளை

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட வீடு எல்லா ஊரிலும் உண்டு.

அந்த வீட்டு மருமகளுக்கு மூன்று பெண் பிள்ளைகள். உடம்பு தளர்ந்திருக்கிறது. ரத்தம் குறைவு. இனி பிள்ளை வேண்டாம் என்று அவள் நினைக்கிறாள். மாமியாரோ, “மூணும் பொண்ணாப் போச்சு. நாலாவது கட்டாயம் பையன்தான். பெத்துக்கம்மா” என்கிறார். “அதுவும் பொண்ணாப் பொறந்தா என்ன பண்றது அத்தை?” என்று மருமகள் கேட்கிறாள். மாமியார் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களோ, “இவளுக்குப் பெண் ராசி. எத்தனை பெற்றாலும் பெண்தான்” என்கிறார்கள்.

இரண்டு பேச்சும் தவறு. ஏன் என்று பாருங்கள்.

தாயின் கருமுட்டை ஒவ்வொன்றிலும் ‘எக்ஸ்’ என்ற கூறு இருக்கிறது. தந்தையின் விந்தணுக்கள் இரண்டு வகை. ஏறக்குறைய பாதியில் ‘எக்ஸ்’ இருக்கும். மீதிப் பாதியில் ‘ஒய்’ இருக்கும். ‘எக்ஸ்’ உள்ள விந்தணு சேர்ந்தால் பெண். ‘ஒய்’ உள்ள விந்தணு சேர்ந்தால் ஆண்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒன்று, ஆணா பெண்ணா என்பது தந்தையிடமிருந்து வரும் அணுவைப் பொறுத்தது. தாயைப் பழிப்பதில் நியாயமே இல்லை. தந்தையையும் பழிக்க முடியாது. எந்த அணு போய்ச் சேர வேண்டும் என்று அவரும் தேர்ந்தெடுப்பதில்லை.

இரண்டு, ஒவ்வொரு முறையும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. முதல் பிள்ளைக்கும் அப்படியே. நான்காவது பிள்ளைக்கும் அப்படியே. முன்பு மூன்று பெண் பிறந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து அடுத்தது இதுதான் என்று சொல்ல முடியாது. நாணயத்தைப் போலத்தான். ‘கட்டாயம் பையன்’ என்பதும் இல்லை. ‘பெண் ராசி’ என்பதும் இல்லை.

உறுதியாகத் தெரிவது ஒன்றுதான். இரத்தம் குறைந்த உடம்புக்கு இன்னொரு பேறு ஆபத்து. பாதி வாய்ப்புள்ள ஒன்றுக்காக ஒரு தாயின் உயிரைப் பணயம் வைப்பதா? பிறந்த மூன்று பிள்ளைகளையும் அவளையும் நினைத்து, கணவனும் மாமியாரும் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்.

மருந்துக்காரரின் கணக்கு

இப்படிப்பட்ட வீடுகளைத் தேடிச் சிலர் வருவார்கள். “ஆண் பிள்ளை பிறக்க மருந்து தருகிறேன். ஐந்நூறு ரூபாய். பெண் பிறந்தால் பணத்தை அப்படியே திருப்பித் தருகிறேன்” என்பார்கள். பணம் திரும்பி வரும் என்றால் மருந்து நல்ல மருந்தாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவர் 100 பேருக்கு மருந்து கொடுக்கிறார். கையில் வந்தது 50,000 ரூபாய். மருந்து வெறும் மாவுருண்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 பேரில் ஏறக்குறைய 50 பேருக்கு எப்படியும் ஆண் பிள்ளை பிறக்கும். மீதி 50 பேருக்கு அவர் பணத்தைத் திருப்பித் தருகிறார். 25,000 ரூபாய் போகிறது. 25,000 ரூபாய் அவரிடமே நிற்கிறது.

பணம் மட்டுமா? ஆண் பிள்ளை பெற்ற 50 குடும்பமும் அவர் புகழைப் பாடும். பணம் திரும்பப் பெற்றவர்கள், “நேர்மையான மனிதர்” என்பார்கள். அடுத்த ஆண்டு 200 பேர் வருவார்கள். மருந்து ஒன்றுமே செய்யவில்லை. பாதி என்ற வாய்ப்பை அவர் விற்றுக் காசாக்கிவிட்டார்.

இப்படிப்பட்ட மருந்துகளில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. கர்ப்பிணியும் கருவில் உள்ள பிள்ளையும் பாதிக்கப்படலாம். மருத்துவர் சொல்லாத எந்த மருந்தையும் கர்ப்பக் காலத்தில் சாப்பிடக் கூடாது.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பரிசோதித்துச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சொல்பவருக்கும் தண்டனை உண்டு. அதைக் கேட்டுப் போகிற உறவினருக்கும் தண்டனை உண்டு.

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது என்பதை மக்கள்தொகைக் கணக்கு காட்டுகிறது. இயற்கையில் ஆண் பிள்ளைகள் சற்றே கூடுதலாகப் பிறக்கிறார்கள். 1000 ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 950 பெண் பிள்ளைகள் பிறப்பார்கள். இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளில், 1000 ஆணுக்கு 1991-இல் 945 பெண்கள் இருந்தார்கள். 2001-இல் 927. 2011-இல் 919.

நாணயத்தைச் சரியாகச் சுண்டினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி விழும். பலமுறை சுண்டியும் ஒரு பக்கம் குறைந்துகொண்டே போனால், யாரோ கை வைக்கிறார்கள் என்று பொருள். நாட்டின் கணக்கிலும் அதுவே பொருள். குறைந்துபோன அந்தப் பெண் பிள்ளைகள் பிறக்க விடாமல் தடுக்கப்பட்டவர்கள், அல்லது பிறந்த பின் கவனிக்கப்படாமல் போனவர்கள்.

இனி யாராவது வந்து, “கட்டாயம் விழும்”, “கட்டாயம் பிறக்கும்” என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை? அதில் எத்தனை? பதிலை மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. ஒரு பையில் 3 சிவப்பு வளையல், 2 பச்சை வளையல் இருக்கின்றன. பார்க்காமல் ஒன்றை எடுத்தால் அது பச்சையாக இருக்க வாய்ப்பு என்ன?

2. பகடையை உருட்டினால் நான்கு விழ வாய்ப்பு என்ன? நான்கு விழாமல் போக வாய்ப்பு என்ன?

3. ஒரு குலுக்கலில் 50 சீட்டு விற்றார்கள். பரிசு ஒன்று. நீங்கள் வாங்கியது 5 சீட்டு. உங்களுக்குப் பரிசு விழ வாய்ப்பு என்ன?

4. பள்ளியில் 10 இடம். இந்த ஆண்டு 80 பேர் விண்ணப்பித்தார்கள். ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்க வாய்ப்பு என்ன?

5. ஆறு முறை சுண்டியதில் ஆறு முறையும் பூ விழுந்தது. ஏழாவது முறை தலை விழ வாய்ப்பு என்ன?

விடைகள்: 1) 2/5. 2) 1/6, 5/6. 3) 5/50, அதாவது 1/10. 4) 10/80, அதாவது 1/8. 5) 1/2.